ஆடி கழியட்டும் என்று நிறுத்திவைத்த ஜீப்

அண்ணனுடைய முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் சொந்தபந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கட்டுரை யார் எழுதுவது என்று கேட்டதும் வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் படித்தவர்கள் போலீஸிலும் பட்டாளத்திலும் இருக்கிறார்கள், லீவு கிடைக்கவில்லை. லீவிலேயே இருக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். ஆனால் எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்பு என்னை விடமாட்டேன் என்றது, கடைசியில் நான்தான் அதை விட்டேன். அதனால் நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் எழுதுகிறாள். என் பேச்சை அச்சில் வருகிற மாதிரி மாற்றுவதும் அவள்தான். கெட்ட வார்த்தைகளை எடுத்தாள், கட்டுரை பாதியாகிவிட்டது.

அண்ணன் பிறந்தது கடையத்தில். எங்கள் அப்பா இறந்தபோது அண்ணன் பத்தாவது, நான் அம்மா இடுப்பில். அண்ணன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு செங்கோட்டைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஜீப் துடைக்கப் போனார். துடைத்தவர் ஓட்டக் கற்றுக்கொண்டார். எங்களையும் ஆய்க்குடிக்குக் கூட்டிவந்து குடிவைத்தார். தான் விட்ட படிப்பை நான் படிக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தார். எஸ்டேட் ஜீப்பிலேயே கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். முன்னால் இறங்கி, பின்னால் ஏறி, தார்ப்பாய்க்குள் படுத்துக்கொள்வேன். எஸ்டேட் போய்த்தான் பார்ப்பார்.

"ஏலே, வண்டிய விட்டு எறங்கவே மாட்டேங்கியே. அப்ப வண்டியவே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லி என்னைத் தென்காசியில் வண்டிகளுக்குத் தகர வேலை பார்க்கிற ஒரு டிங்கர் பட்டறையில் சேர்த்துவிட்டார். இன்றைக்கு எனக்குச் சொந்தமாகப் பட்டறை இருக்கிறது என்றால் அது அவர் கோபத்தில் எடுத்த முடிவு.

எஸ்டேட்காரர்கள் அந்தப் பழைய ஜீப்பைக் கழித்தபோது அண்ணனே வாங்கிக்கொண்டார். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ஜீப்பில் குற்றாலம் போயிருப்பீர்கள். சிலர் அந்த ஜீப்பில்தான் பிரசவத்துக்குப் போனீர்கள், சிலர் அப்படிப் போய்ப் பிறந்தீர்கள். பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அண்ணன் கூலி வாங்கியது இல்லை. யார் வந்து கதவைத் தட்டினாலும் சட்டையை மாட்டிக்கொண்டே சாவியை எடுப்பார். இன்ன நாள், இன்ன கிழமை என்று அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

சாரல் நமக்குச் சுகம், தகரத்துக்கு வியாதி. வருஷா வருஷம் சீசன் முடிந்ததும் ஜீப் என் பட்டறைக்கு வரும். துரு பிடித்த இடத்தை வெட்டி ஒட்டுப் போடுவேன், மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பூசித் தேய்ப்பேன், பெயிண்ட் அடிப்பேன். மேலே மாப்பிள்ளை மாதிரி இருக்கும். உள்ளே துரு தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அண்ணன் தட்டிப் பார்த்துவிட்டு, "எலே, இதுல தகரம் எம்புட்டு, ஒன் பட்டி எம்புட்டு?" என்று கேட்பார். "கலந்து இருக்குண்ணே" என்பேன்.

கடைசியில் ஒரு நாள், தென்காசி கோயில் வாசலில் அண்ணன் பிரேக் பிடிக்கும்போது தரைத்தகடு உடைந்து வலது கால் ரோட்டுக்கு வந்துவிட்டது. பூக்கடை அக்கா ஓடிவந்து, "அண்ணாச்சி, செருப்பு விழுந்துட்டு. காலு கூடத்தான் இருக்கா?" என்று கேட்டாராம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இனி ஒட்டுப்போட்டு ஆகாது, பாடியையே புதிதாகக் கட்டிவிடுவோம் என்று ஜீப்பைப் பிரித்தேன். என்ஜினும் சக்கரமும் உள்ள சேஸ் ஒரு பக்கம், பழைய பாடி ஒரு பக்கம்.

பிரித்துப் போட்ட நேரத்தில்தான் அண்ணனுக்கு மூச்சுத் திணறல் வந்தது. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம். இருதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கும் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாரல் முடியறதுக்குள்ள நம்ம வண்டியில அஞ்சருவிக்கு ஒரு தடவ போயிட்டு வந்துரணும்லே."

"ஆட்டோல போவோமாண்ணே? மருமவன் கார்கூட நிக்கி."

"ஆட்டோல போவதுக்கு நான் என்ன டூரிஸ்டா? நம்ம வண்டியில போணும்."

நான் ராவும் பகலும் வேலை பார்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி நான் வேலை பார்த்ததை யாரும் நம்பமாட்டார்கள், மதினிகூட வந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார். புதுத் தகடு வெட்டி, மடக்கி, வெல்டிங் வைத்து, துளி பட்டி இல்லாமல் பாடியை முடித்தேன். பெயிண்டும் அடித்தாயிற்று. தகர டிரம் மேல் பாடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சேஸ் தயாராக நின்றது. ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கிவைத்து போல்ட்டு முடுக்கி, ஒயரைக் கொடுத்தால் முடிந்தது. ஒரு பகல் வேலை.

அப்போது ஆடி பிறந்துவிட்டது.

ஆடியில் புது பாடி ஏற்றவேண்டாம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூஜை போட்டு ஏற்றுவோம் என்று நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. பட்டறையில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஊரான் வண்டிக்கு அஷ்டமியிலும் அமாவாசையிலும் வெல்டிங் வைக்கிற பயல் நான். அந்த ஆடியிலேயே ஒரு லாரிக்குக் கதவு மாட்டிக் கொடுத்தேன். அண்ணன் வண்டிக்கு மட்டும் காலண்டரைப் பார்த்தேன்.

அண்ணன் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. டிரம் மேல் இருந்த பாடிக்குள் தன்னை ஏற்றிவிடச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே போட்டு, ஆட்டோக்காரத் தம்பியும் நானும் கைத்தாங்கலாக ஏற்றினோம். ஸ்டியரிங் இல்லை, சக்கரம் இல்லை. அண்ணன் இரண்டு கையையும் நீட்டி இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"எலே, ஹாரன் அடி."

வாயாலேயே ஹாரன் அடித்தேன். என்ஜின் சத்தமும் போட்டேன். கியர் மாற்றும்போது கிர்ரென்று இழுத்தேன். "பழைய வண்டி மாரியே கத்துதலே" என்று சிரித்தார்.

"அண்ணே, மேலகரம் தாண்டிட்டு. ஓரமா போ, கொரங்கு நிக்கி."

"கொரங்குதான் ஹாரன் அடிக்கே."

"அஞ்சருவி வந்துட்டுண்ணே. எறங்கு."

அண்ணன் இறங்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். "வெளையாட்டு போதும்லே. நெசமா எப்பம்?"

"ஆவணி பொறக்கட்டும்ணே. நல்ல நாளாப் பாத்து..."

"ஆடி போச்சுன்னா சாரலும் போயிரும்லே. நானும் போயிருவேன்."

"நீ எங்கண்ணே போவ? ஒன்னைய விட்டா எனக்கு வேலை குடுக்க ஆள் யாரு இருக்கா?"

அண்ணன் புதுத் தகட்டை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "கணீர்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான். ஆடி முடியும் முன்னாலேயே ஒரு காலையில், காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கடைசிப் பயணத்துக்காவது அவருடைய ஜீப் வந்ததா என்றால் அதுவும் இல்லை. வாடகை வண்டி வந்தது. ஜீப் இரண்டு துண்டாகப் பட்டறையில் நின்றது.

விதி, நேரம் என்றெல்லாம் சிலர் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் எனக்குத் தெரியும். அந்த ஒரு தடவை போய்விட்டு வந்தால் அண்ணன் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை. வேலை பாக்கி இருக்கிறவரை ஆள் இருப்பார் என்று இந்த மர மண்டை கணக்குப் போட்டது. அதற்கு ஆடியைச் சாக்காக இழுத்துக்கொண்டேன். நாள் பார்க்காமல் ஊருக்கெல்லாம் வண்டி எடுத்த மனுஷனை நாள் பார்த்துக் காக்கவைத்தேன். சிரிக்கவைக்கத் தெரிந்த எனக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகத் தெரியவில்லை.

மார்கழியில் மதினி பட்டறைக்கு வந்தார்.

"கொழுந்தனாரே, வண்டிய ஏத்துங்க."

"மதினி, மார்கழி..."

"அவிய இருக்கும்போது ஆடி. இப்பம் மார்கழியா? அடுத்து என்ன வச்சிருக்கிய?"

அன்றைக்கே ஏற்றினோம். முதல் ஓட்டத்தில் மதினி வந்தார். ஐந்தருவியில் நூல் மாதிரிதான் தண்ணீர் விழுந்தது. இறங்காமல் உட்கார்ந்தபடியே பார்த்தார். திரும்பும்போது, "கதவு லேசா ஆடுது. அவிய இருந்தா ஒங்கள ஒரு வழி பண்ணிருப்பாவ" என்றார். கதவை மறுநாளே சரிசெய்தேன். சொல்லவேண்டிய ஆள் சொல்லாமல் சரிசெய்த முதல் வேலை அது.

நன்றி சொல்லவேண்டும். கையைப் பிடித்து உண்மையைச் சொன்ன டாக்டர் அம்மாவுக்கும், ராத்திரி ராத்திரியாக ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கிவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், அண்ணனைப் பட்டறைக்குக் கூட்டிவந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், மார்கழிக் குளிரில் என்ன நாள் என்று கேட்காமல் வந்து பாடியைத் தூக்கிவைத்த அத்தனை பேருக்கும், திருமணங்களுக்கு நடுவே இன்றைக்குச் சமையலுக்கு... இல்லை, ஆடியில் ஏது திருமணம், சும்மாவே இருந்து இன்றைக்குச் சமைக்க வந்த மாஸ்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சாப்பிட்டு முடித்ததும் ஜீப் வாசலில் நிற்கும், சாரல் பார்க்க வருகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் படுத்திருக்கிற யாராவது, அருவிக்கோ, கோயிலுக்கோ, பிறந்த ஊருக்கோ ஒரு தடவை போய்விட்டு வரவேண்டும் என்று கேட்டால், ஆள் விட்டு எனக்குச் சொல்லுங்கள். அடுத்த வாரம், அடுத்த மாசம் என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டே வருகிறேன்.