சட்டைப் பையில் இருந்த பிளக்

அண்ணன் இல்லாமல் ஒரு கோடையைக் கடந்துவிட்டோம். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். "நீங்க எழுதினாதான் தம்பி, அழுதுக்கினே சிரிப்பாங்க" என்றார். அது பாராட்டா, புகாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பயம் வந்தால் வாய் ஓயாதவன் நான். அண்ணன் பயந்து நான் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து நானே பயந்துகொள்வேன்.

ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்டு வந்த குடும்பத்தில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். கிணறு வற்றிப்போன காலத்தில் ஐ.டி.ஐ. படித்து, சென்னையில் ஒரு கடையில் கேஸ் சிலிண்டர் சுமந்து தொழில் கற்று, திண்டிவனத்தில் ஏசி சர்வீஸ் கடை வைத்தார். வேறெங்கும் வேலை கிடைக்காத என்னையும் சேர்த்துக்கொண்டார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை எந்த மாடிச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி தொங்கியதோ, அந்தச் சுவரில் அண்ணனும் தொங்கியிருக்கிறார். அறையின் சூட்டை வெளியே தள்ளும் குழாய்ச் சுருளான கண்டன்சர் காயில் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. மெஷின் திணறி நின்றுவிடும். அண்ணனின் வாழ்நாளில் பாதி அந்தத் தூசியோடு போயிற்று.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. காயிலில் கை வைக்கும் முன் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிளக் என்றால் பிளக்கையே பையில் செருகிக்கொள்வார். "சுவிட்ச நம்பாதடா. உள்ள இருக்கறவங்களுக்கு புழுங்கும், போட்டுடுவாங்க. பேன் சுத்தி வெரலு போயிடும்" என்பார். ஒருமுறை விக்கிரவாண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மெயின் பியூஸ் கட்டை அவரோடு திண்டிவனம் வரை வந்துவிட்டது. நிச்சயதார்த்தம் இருட்டில் நடந்தது. "போட்டோல எல்லாரும் அழகா இருப்பாங்க" என்று நான் சொன்னேன். அண்ணன் சிரிக்காமல் வண்டியைத் திருப்பினார்.

சாவு வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் போவது உடலைக் குளிரில் வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் கால்மாட்டுக்குத்தான். அங்கே சூட்டை வெளியே விடும் கிரில்லின் மேல் குவிந்திருக்கும் மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைப்பார். "அது மூச்சு விடற எடம்பா" என்பார். நான் யாரோ போலத் தள்ளி நின்றுகொள்வேன்.

பிறகு அவருக்கே மூச்சு குறைந்தது. நுரையீரல் இறுகிவிட்டது என்றார் டாக்டர். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. அதன் பில்டரை யாரையும் தொடவிடாமல் தானே கழுவினார். "என் கண்டன்சர் அடச்சிக்கிச்சுடா. இதுக்கு பிரஷ் கெடையாது" என்றார். "புளோயர் வெச்சி ஊதிப் பாக்கலாமாண்ணா?" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு நீலமாகும்வரை அண்ணி முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் எதிரில் நகைச்சுவையை நிறுத்திக்கொண்டேன். பேச்சை நிறுத்த முடியவில்லை. கடைசி நாட்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். ஒருநாள் கையை உயர்த்தி, "கொஞ்சம் சும்மா இரேன்டா. மூச்சு விடறதே வேலையா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு விடியற்காலை அண்ணன் அடங்கினார். கத்தாரில் நர்ஸாக இருக்கும் அவருடைய ஒரே மகளுக்கு மறுநாள் காலை வந்து சேரும்படிதான் டிக்கெட் கிடைத்தது. "நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க சித்தப்பா. அப்பா மூஞ்ச பாக்கணும்" என்று அழுதாள். கண்ணாடிப் பெட்டி வந்தது. அண்ணனை அதில் படுக்கவைத்தோம்.

உச்சி வெயிலில் பெட்டி ஒருமுறை உறுமி, 'டக்' என்று நின்றது. மறுபடி உறுமியது, நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்தது. பெட்டிக்காரருக்குப் போன் போட்டேன். "இன்னொரு பெட்டி விழுப்புரத்துல இருக்குண்ணே. அவங்க எடுக்கவே சாயங்காலம் ஆயிடும்" என்றார். அந்த நேரம் பார்த்து கத்தாரிலிருந்து மகளின் வீடியோ கால். "அப்பா நல்லா இருக்காரா சித்தப்பா?" "ஏசி ரூம்ல தூங்கற மாதிரி இருக்காருமா" என்று சொல்லிவிட்டு, போனைக் கூரையைப் பார்க்கத் திருப்பிக்கொண்டேன்.

போனை வைத்ததும் நான் கத்தினேன்: "யாராவது ஜல்தியா ஒரு ஏசி மெக்கானிக்க கூப்புடுங்களேன்!"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

அண்ணிதான் எழுந்து, மூலையில் மாட்டியிருந்த அண்ணனின் டூல்ஸ் பையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

கால்மாட்டில் கிரில் எங்கே என்றே தெரியாத அளவுக்கு மாலை. அண்ணியின் அண்ணன், எங்கள் மாமா, வந்த மாலையையெல்லாம் அங்கேதான் அடுக்கியிருந்தார். "எடுக்காத மாப்ள! எவ்ளோ பெரிய மனுஷன்னு நாலு பேருக்கு தெரிய வேணாமா?" என்றார். "மூச்சு விடற எடம் மாமா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

பிளக்கைப் பிடுங்கி என் சட்டைப் பையில் செருகினேன். ஸ்குரூ டிரைவர் ஸ்குரூவைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் குத்தியது. கிரில்லைக் கழற்றினால் காயிலே தெரியவில்லை. காய்ந்த சாமந்தி, ரோஜா இதழ், ஊதுவத்திச் சாம்பல், தலைமுடி எல்லாம் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தது. எத்தனை வீட்டுச் சாவோ. அதைக் கையால் உரித்தேன். புளோயர் போட்டிருந்தால் அத்தனையும் அண்ணன் மேலும் அழுதுகொண்டிருந்தவர்கள் மேலும் பறந்திருக்கும். பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தள்ளி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். மடங்கிய தகடுகளை அண்ணனின் சீப்பால் நிமிர்த்தினேன். அலுமினியத் தகடு வாரும் சீப்புதான். அழுத பெரியம்மா ஒருவர், நான் அண்ணனுக்குத் தலை வாருவதாக நினைத்து இன்னும் உரக்க அழுதார்.

விரல்கள் விசிறிக்குள் இருந்தபோது, வாசலுக்குப் போய்த் திரும்பிய மாமாவின் குரல் கேட்டது. "பெட்டி ஆஃப் ஆயிருக்கே! எவன்டா பிளக்க புடுங்கனது?" ஒயரைப் பிடித்துக்கொண்டே தேடி வந்தார். ஒயர் என் நெஞ்சில் வந்து முடிந்தது. மாமா என் சட்டைப் பையைப் பார்த்தார். உள்ளே இருந்த என் விரல்களைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிரில்லை மாட்டி, மெஷினின் சூடு தணியட்டும் என்று காத்திருந்து பிளக்கைச் செருகினேன். உறுமியது. 'டக்' வரவில்லை. அண்ணி கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். "கூலிங் ஏறுது தம்பி" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். அதுவரை எனக்கு நேரமில்லை.

மறுநாள் மகள் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். முகம் அப்படியே இருந்தது.

பெட்டி நின்ற அன்று கேட்காமலேயே ஐஸ் கட்டிகளை மூட்டையாகக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி அடுக்கிய மீன்கடைத் தம்பிக்கும், வந்த மாலைகளையெல்லாம் அதன்பின் வாசலிலேயே வாங்கி வைத்த மாமாவுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எந்தச் சாவு வீட்டிலும் பெட்டியின் கால்மாட்டில் மாலை வைக்காதீர்கள். அண்ணன் இருந்தால் அவரே வந்து எடுத்துவிடுவார். இனி நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. அண்ணனைத் தூக்கும் நேரம் வந்தபோது, பிளக்கைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. நான்தான் பிடுங்கினேன். பிடுங்கிய கையோடு சட்டைப் பையில் செருகிக்கொண்டு நின்றேன். பெட்டியைத் திறக்க வந்தவர்கள் ஒயர் தடுக்கி நின்றார்கள். என்னால் அதை எடுத்துக் கீழே போட முடியவில்லை. மகள் கிட்டே வந்து, என் பையிலிருந்து பிளக்கை மெதுவாக எடுத்தாள்.

"குடுங்க சித்தப்பா. இனிமே யாரும் போட மாட்டாங்க."