எஸ்தரின் கடைசி அட்டெம்ப்ட்

எஸ்தர் போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம். டெங்குவாம். காய்ச்சல் என்று திண்டிவனத்தில் சேர்த்தார்கள்... அவ்வளவுதான்.

கிளியனூர்க்காரி. என்னோடு ப்ளஸ் டூ படித்தவள். அப்புறம் ஜேஇஇ எழுத விழுப்புரத்துக்கு ஒன்றாகக் கோச்சிங் போனோம். கமென்ட்டில் யாரும் 'விதி' என்று எழுதாதீர்கள், ப்ளீஸ். எரிச்சலாக வருகிறது.

இனார்கானிக் கெமிஸ்ட்ரி என்றால் எங்கள் பேட்ச் முழுக்க அலர்ஜி. காலையில் படித்தது மத்தியானம் நிற்காது. இவளுக்கு மட்டும் அதுதான் உயிர்.

"ஃபிசிக்ஸுக்கு சார் வேணும், மேத்ஸுக்கு சார் வேணும். இதுக்கு புக்கு இருந்தா போதும்டி" என்பாள்.

வீட்டு நிலைமையால் பாதியில் கோச்சிங்கை விட்டவள். வேறென்ன செய்வாள்... கையில் இருந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனால் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே லாந்தனாய்டு தனிமங்களை வரிசையாகச் சொல்வாள். கேட்டுக் கேட்டு அவள் அம்மாவுக்கே பாதி மனப்பாடம். "என்னாடி பேருங்க இது, ஒரே பேஜாரு" என்று திட்டிக்கொண்டே அவரும் கூடச் சொல்வார்.

போன வருஷம் இருவருக்கும் விழுப்புரத்தில் ஒரே சென்டர், ஒரே நாள். எனக்குக் காலை ஷிஃப்ட், அவளுக்கு மத்தியானம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கேள்வித்தாள் வேறு.

என் பேப்பரில் இனார்கானிக்காகக் கொட்டியிருந்தது. எல்லாம் அவள் எனக்கு ஒப்பித்துக் காட்டியவை. கேட்டில் காத்திருந்தவளிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவள் பேப்பரில் பேருக்கு ஒன்றிரண்டு.

திரும்பும்போது பஸ்ஸில், விக்கிரவாண்டி டோல் தாண்டியதும் கேட்டாள்.

"காலைல எனக்குப் போட்டிருந்தா அவங்களுக்கு என்னாடி கொறஞ்சி போயிருக்கும்?"

நான் வெளியூரில் பி.டெக் படிக்கிறேன். அவள் அதே புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். மூன்று வருஷம்தான் எழுத விடுவார்கள். இது மூன்றாவது. அடுத்த வாரம் பரீட்சை.

இன்று காலை அடக்கத்துக்குப் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரீட்ச வருதுன்னு படிச்சிக்கினே இருந்தாளே பாப்பா... அவ வரமாட்டான்னு யாருனா அங்க போயி சொல்லிட்டு வரணுமா?"

"வேணாம்மா... அவங்களே ஆப்சென்ட் போட்டுக்குவாங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். கையை விடவில்லை.

தூங்குடி எஸ்தர். படித்தது போதும்.