அழுதா மட்டும் தமிழ்

ஸ்கூல் ஆட்டோ ஓட்றவனுக்கு வண்டில கேஸு எரியறத விட வயிறு எரியறதுதான் ஜாஸ்தி. யார் வூட்டுப் புள்ள எந்த ஸ்கூலுக்கு மாறப் போவுதுன்னு ஊருக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சிடும், அதான் காரணம். எதிர் வூட்டுப் புள்ள யூனிஃபார்ம் மாறிச்சுன்னா சோறு எறங்காத அப்பா, அம்மா, மாமா, சித்தி எல்லாரும் கிட்ட வந்து குந்துங்க. நாமெல்லாம் ஒரே வார்டு பேஷண்டுங்க.

தண்ணில தூக்கிப் போடு

திருவொத்தியூர்ல புதுசா ஒரு ஸ்கூலு தொறந்தாங்க. எல்கேஜில இருந்தே எல்லாம் ஜப்பான் பாஷை. பாட்டு, கணக்கு, ஒண்ணுக்குப் போறேன்னு சொல்றது வரைக்கும். எங்க அக்கா அவ பொண்ணு தர்ஷிய அங்க சேத்தே ஆவணும்னு நின்னா. காலைல கத்திவாக்கத்துல மீன் கூடைய எறக்கி வெச்சதுல இருந்து அதே பேச்சு. "அக்கா, புள்ளைக்குத் தமிழே இன்னும் முழுசா வரல"ன்னேன். "உனக்கு மட்டும் வந்துடுச்சா?"ன்னா.

சரி, ஆம்பளைங்க ஆம்பளைங்க பேசிக்கலாம்னு அக்கா வூட்டுக்காரர் கிட்ட போனேன். லாஞ்சுல கடலுக்குப் போற மனுஷன். வலைல மாட்டிகினு இருந்த நண்டப் பிச்சுகினு இருந்தாரு. ஒரு வார்த்தை கூட புரியாத எடத்துல புள்ளைய வுட்டா எப்டி மாமா கத்துக்கும்னு கேட்டேன். நிமிந்து கூட பாக்கல.

"எங்கப்பன் என்ன போட்ல இருந்து தூக்கித் தண்ணில போட்டாரு மச்சான், நீச்சலுக்கு டியூஷனா வெச்சாரு?"

காதர் பாய் தீர்ப்பு

இப்ப நம்ம கேஸு இன்னான்னு சொல்லிட்றேன். தர்ஷி தெனம் என் ஆட்டோலதான் பாலர் பள்ளிக்கு வரும். முன் சீட்டு, என் பக்கத்துல. எண்ணூர் ரோட்ல கண்டெயினர் லாரி வழிய அடச்சிகினு நின்னா, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அது தலைய வெளிய நீட்டி "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா"ன்னு கேக்கும். லாரிக்காரன் சிரிச்சிகினே ஒதுங்குவான். அந்த ஜப்பான் ஸ்கூல்ல இன்னா ரூல்ஸுன்னா, வூட்டு வாசப்படி தாண்டினா திரும்பி வர்ற வரைக்கும் தமிழே காதுல வுழக் கூடாதாம். அப்பால என் பக்கத்துல அதுக்கு இன்னா வேலை?

அதனால ஸ்டாண்டுல அந்த ஸ்கூல கிழிச்சு தொங்க வுட்டேன். புள்ளைங்களே கூட்டிப் பெருக்கணுமாம், அவங்க தட்ட அவங்களே கழுவணுமாம், இதுக்கு எதுக்கு ஸ்கூலு, எங்க அக்காவே வூட்ல பெருக்க வுடுவாளேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எங்க ஸ்டாண்டு சீனியர் காதர் பாய் மட்டும் சிரிக்கல. கண்ணாடியத் தொடச்சிகினே சொன்னாரு:

"டேய் சீனு, வயித்தெரிச்சல வெச்சிகினு நியாயம் பேசாத. வாயில பீடி வெச்சிகினு நோன்புன்னு சொல்ற மாதிரி கீது."

இடுப்புக் கயிறு

பெத்தவங்களக் கூப்ட்டுப் பேசறாங்கன்னு அக்காவ நான்தான் ஏத்திகினு போனேன். நானும் உள்ள போய் குந்திகினேன். குட்டி நாற்காலி, என் முட்டி என் தாடைல இடிக்குது. சுவரு பூரா புள்ளைங்க வரைஞ்ச படம். ஜன்னல் வழியா பாத்தா பொடுசுங்க எல்லாம் செருப்ப வரிசையா வுட்டுட்டு உள்ள போவுது. ஒண்ணு கூட மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இல்ல. அதான் எனக்கு இன்னும் பேஜாரா பூட்ச்சு.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "நடுவுல புள்ள பயந்து அழுதா இன்னா பண்ணுவீங்க?" மிஸ்ஸு சொன்னாங்க, "அழுதா மட்டும் தமிழ்ல பேசுவோம்மா. மடில வெச்சிகிட்டு, பயம் போற வரைக்கும். அப்புறம்தான் மறுபடி ஜப்பான்."

நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். பாலிடெக்னிக்ல சேந்தேன், மொத நாளே எல்லாம் இங்கிலீஷு. என்னையும்தான் தூக்கிப் போட்டாங்க. கடைசி பெஞ்சுல ஜோக்கு அடிச்சிகினே முழுகினேன். நல்லா கை தட்டுனாங்க, ஒருத்தனும் குதிக்கல. இப்ப எல்கேஜி புள்ள மேல பொறாமைப்பட்டுகினு குட்டி நாற்காலில குந்திகினு கீறேன்.

வூட்டுக்கு வந்து மாமா கிட்ட மிஸ்ஸு சொன்னத அப்டியே சொன்னேன். இதுல எதாவது ஓட்டை கண்டுபுடிப்பாருன்னு ஒரு நப்பாசை. அவரு கைல இருந்த வலைய ஓரமா வெச்சாரு.

"எங்கப்பனும் என்ன சும்மா தூக்கிப் போடல மச்சான், இடுப்புல கயிறு கட்டிதான் போட்டாரு. அங்க கயிறு கீது, சேத்து வுடு."

வாய மூடிகினு ஓட்டு

சேத்துட்டாங்க. ஸ்கூல் வேன் எங்க குப்பத்து சந்துல நுழையாது, அதனால குப்பத்துல இருந்து போற பொடுசுங்களுக்கு என் ஆட்டோவையே பேசிகினாங்க. ஒரே கண்டிஷன், டிரைவர் வாயத் தொறக்கக் கூடாது. காவலுக்கு ஸ்கூல் ஆயா ஒண்ணு பின்னாடி. லாரி குறுக்க வந்தா எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். ஆயா இருமும். முழுங்கிடுவேன். தர்ஷியும் பின் சீட்டுக்குப் போயிடுச்சு. பொடுசுங்க எல்லாம் சேந்து ஜப்பான்ல எதையோ சொல்லி வுழுந்து வுழுந்து சிரிக்குதுங்க. என்னப் பத்தியா, லாரியப் பத்தியா, ஒண்ணும் வெளங்கல. என் வண்டில நடக்கற ஜோக்கு எனக்கே புரியலன்னா எப்டி கீது பாத்துக்கங்க.

மழைக்காலத்துல ஒரு நாள் லாரி வரிசை நவுரவே இல்ல. திடீர்னு தர்ஷி பின்னாடி இருந்து தாண்டி முன் சீட்டுக்கு வந்துச்சு. வாட்டர் பாட்டிலத் தொறந்து விரல நனச்சு கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் தடவிகிச்சு. ஆயாவத் திரும்பி ஒரு தடவ பாத்துட்டு என் காதுகிட்ட வந்து சொல்லிச்சு:

"மாமா, நான் அழுவுறேன். காயறதுக்குள்ள எதனா பேசு."

இப்ப எண்ணூர் ரோட்லயே சந்தோஷமா போற ஒரே ஆட்டோல தெனம் யாராவது ஒருத்தர் அழுதுகினே கீறாங்க, ஆயாவும் சேத்து.