வெற்றிலையை விட்ட வாய்க்காரி

குருநகர் மீன் சந்தையில் மரியநாயகியிடம் பேரம் பேசத் துணிந்தவர்கள் குறைவு. பாரையின் கண் சிவந்திருக்கிறதே என்று யாராவது முணுமுணுத்தால் போதும், அவர்களின் பரம்பரையையே அலசிக் காயப்போட்டுவிடுவாள். வாய்க்காரி என்றுதான் ஊரில் பெயர். நானும் நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் எனக்கு அவளைப் பிடிக்கும்.

எண்பத்துநான்காம் ஆண்டில் அந்த வாய் மூடத் தொடங்கியது. முதலில் உறைப்புப் பட்டால் எரிந்தது. பிறகு கன்னம் இறுகி, ஒரு விரல் நுழைவதே பெரும்பாடாகிவிட்டது. கூவி விற்க முடியாமல் மீன் பழுதாய்ப் போனது. வீட்டில் கிடைத்த அமைதியைக் கணவர் சூசைதாசன் ஒரு கிழமை அனுபவித்தார். அதற்குமேல் அவராலும் தாங்க முடியவில்லை.

“செத்த வீடு மாதிரிக் கிடக்கு. வா, பல் டொக்டரட்டைப் போவம்.”

“பல்லைப் புடுங்கிப்போடுவான்” என்று பல்லிடுக்கால் முனகினாள் மரியநாயகி.

டொக்டர் தேவராசா பல்லையும் பிடுங்கவில்லை, கத்தியும் எடுக்கவில்லை. வாய்க்குள் வரும் நோய்களை மருந்தாலேயே மாற்றப் படித்தவர் அவர். கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விழுங்கக் குளிசை கொடுத்தார். ஐஸ்பழக் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைப் பழக்கச் சொன்னார்.

“வெத்திலையை இண்டையோடை விடுங்கோ, அம்மா. அதுதான் முக்கியம்.”

அடுத்த முறை வந்தபோது இருந்த திறப்பும் குறைந்திருந்தது. டொக்டர் குழம்பிப்போனார்.

“வெத்திலையை விட்டனீங்களே?”

“மாதா சத்தியமா ஒரு இலை தொடேல்லை, தம்பி.”

“அப்ப கன்னத்துக்குள்ளை என்ன?”

“பாக்கு. வெறும் பாக்குத்தான்.”

டொக்டர் தலையில் கைவைத்தார். அவருக்கு வெற்றிலை என்றால் பாக்கும் சுண்ணாம்பும் எல்லாம் சேர்ந்ததுதான். அவளுக்கு அது இலை மட்டும். இலையை விட்ட கவலைக்குப் பாக்கை இரண்டு மடங்காக்கியிருந்தாள். வாயை இறுக்கியதே அந்தப் பாக்குத்தான் என்று டொக்டர் விளக்கியதும் அவளுக்குக் கோபம் பொங்கியது. திட்டுவதற்கு வாய் இடம் கொடுக்கவில்லை. முறைத்துவிட்டுப் போனாள்.

பாக்கையும் விட்டாள். குச்சிகள் மெல்ல மெல்லக் கூடின. பழையபடி முழுதாகத் திறக்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் இரண்டு விரல் நுழைந்துவிட்டது.

“இனி என்னத்தையாவது சத்தமாக் கதையுங்கோ பாப்பம்” என்றார் டொக்டர்.

மாதக்கணக்கில் இதற்காகத்தானே அவள் காத்திருந்தாள்!

“நீர் அண்டைக்கு வாயைத் திறந்து பாக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, என்ரை வாய் திரும்பவும் மூடியிருக்குமே?”

வெளி வாங்கிலில் முறைக்காகக் குந்தியிருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். சூசைதாசன் சந்தோசத்தில் அழுதுவிட்டார்.