கோபுர வாசலில் கழற்றிய சப்பாத்து

மகளின் மாமனார் ஐரிஷ்காரர். சிட்னியில் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். கலியாணம் முடிந்தும் நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. எனக்கு இங்கிலீஷ் குறைவு, அவருக்கு வாயே குறைவு. மகளுக்கு அது பெரிய கவலை.

போன வருடம் அவர் அயர்லாந்தில் இருக்கும் தன் அண்ணனின் பண்ணைக்கு எங்களையும் கூட்டிப்போனார்.

"அங்கயும் ஊமை மாதிரி நிக்காதேங்கோ அப்பா. கோவம் எண்டு நினைக்கப்போறார்" என்றாள் மகள்.

பண்ணைக்குள் பழைய காவற்கோபுரம் ஒன்று இடிந்து நின்றது. எதிரி வந்தால் அந்தக் காலத்து ஆட்கள் அதற்குள் ஏறிக்கொள்வார்களாம். கூரை விழுந்துவிட்டது. கல் வாசலையும் உள்ளே இருந்த இருட்டையும் கண்டதும், பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன்.

"ஐயோ அப்பா, இது கோயில் இல்லை. மாடு படுக்கிற இடம்" என்று மகள் சிரித்தாள்.

சம்பந்தி சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சப்பாத்தையும் கழற்றினார். வளைந்த படியில் முன்னால் ஏறி, உடைந்த இடங்களில் எனக்குக் கை தந்தார். மேலே நின்று இருவரும் புல்வெளியைப் பார்த்தோம்.

இறங்கியதும் மகள் ஓடி வந்தாள். "என்னப்பா கதைச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை."

அவள் முகம் சுருங்கியது. அதற்குள் சம்பந்தி என் சப்பாத்தைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த சேற்றைத் தட்டி, என் காலடியில் வைத்தார். எனக்கு அப்படி யாரும் செய்ததில்லை.

"தேங்க்யூ" என்றேன். என்ன கதைத்தோம் என்று மகள் பிறகு கேட்கவில்லை.