பெண் பார்க்கப் போன போலீஸ் ஜீப்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் நானும் கணக்கு வாத்தியாரும் ஒருவரையொருவர் கைகழுவிய பிறகு, பேனாவை நான் காது குடையத்தான் அதிகம் எடுத்திருக்கிறேன். ஆனால் என் கூட்டாளி போகிற இடமெல்லாம் தன்னைப் பெரிய வீரனாக்கி இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதைக் கேட்டுக்கேட்டு வயிறு எரிந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. திருவேற்காட்டில் அவனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டில் பையன் கறுப்பு என்றார்கள். இன்னொரு வீட்டில் பையனோடு சுற்றுகிறவன் சரியில்லை என்றார்கள். சுற்றுகிறவன் நான்தான். அவன் அம்மா காலையிலேயே கிளம்பி, கருமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே பெண் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ராகு காலத்துக்கு முன்னால் நாங்கள் அங்கே இருக்க வேண்டும்.

"லேட்டா வந்து இதையும் கெடுத்தீன்னா, இனிமே உனக்கு நான் பொண்ணே பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா பஸ் ஏறியிருந்தார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் எஸ்டேட் டீக்கடையில் நின்றோம். அவன் இஸ்திரி போட்ட சந்தனக் கலர் சட்டையில், டீ சிந்திவிடுமோ என்று கையைத் தூர நீட்டி, கிளாசை நோக்கிக் கழுத்தை நீட்டிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"மாமே, மூஞ்சில இன்னா இவ்ளோ பவுடரு? பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவன்னு நெனச்சிக்கப் போறாங்க" என்றேன்.

"நீ வாயத் தொறக்காம கூட வா. அது போதும், பொண்ணு கெடச்சிரும்" என்றான்.

அப்போதுதான் ஜீப் ஒன்று வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கி, லுங்கியும் பீடியுமாக நின்ற கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். விரல் நேராக என் கூட்டாளியின் மேல் வந்து நின்றது.

"நீ வாப்பா. பாக்க டீசென்டா இருக்கே. பக்கத்துல நிக்கறவனும் வா."

நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. போலீஸ் ஓர் இடத்தைச் சோதனை போட்டால், அங்கே என்னென்ன பிடித்தார்கள் என்று மகஜர் எழுதி, வெளியாள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நல்ல சட்டை போட்டவன் சாட்சிக்கூண்டில் நின்றால் எடுபடும் என்பது எஸ்.ஐ.யின் கணக்கு.

"சார், இன்னிக்குப் பொண்ணு பாக்கப் போறேன் சார்" என்று இவன் கெஞ்சினான்.

"பொண்ணு எங்கப்பா ஓடிடப் போவுது" என்றார் அவர்.

பக்கத்துத் தெருவிலிருந்த ஷெட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வெளியே பிளாஸ்டிக் பக்கெட் என்று போர்டு. உள்ளே இரும்பு ரேக் நிறைய டேப் ரெக்கார்டர்கள், எல்லாவற்றிலும் ஒரே பாட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் கேசட் மலை. இன்னொரு மூலையில், பெரிய கம்பெனிக்காரன் போடுகிற அட்டையை அச்சு அசலாக அடித்து வைத்த கட்டுகள். நடுவில், கையில் விலங்கோடு, பனியன் போட்ட குண்டன் ஒருவன் எங்களை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் யார் என்று எஸ்.ஐ.யோடு வந்த ஏட்டுதான் சொன்னார். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் இவன் செய்கிற போலிக் கேசட்டைத்தான் கடைக்காரன், மைக்செட்காரன் எல்லோரும் வாங்க வேண்டும். மாட்டேன் என்றால் ஆட்களை அனுப்பி, இருக்கிறதை உடைத்துவிட்டுப் போவான்.

கேசட்டுகளைத் துணி மூட்டையில் போட்டு, கோணி ஊசியால் தைத்து, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள். மூட்டைக்கு மேல் மூட்டை வந்துகொண்டே இருந்தது. என் கூட்டாளி சுவர்க் கடிகாரத்தையே பார்த்து நின்றான்.

"அண்ணாத்தே, எல்லாத்தையும் போட்டுக் கேட்டுட்டுத்தான் மூட்டை கட்டுவீங்களா?" என்று ஏட்டைக் கேட்டேன்.

"கேக்க ஆரம்பிச்சா உன் கூட்டாளிக்கு நேரா அறுவதாங் கல்யாணந்தான்" என்றார்.

எல்லாம் முடிந்ததும் எஸ்.ஐ. குரலைத் தாழ்த்தினார். "இவன் ஆளுங்க மோசமானவனுங்க. நாளைக்குக் கோர்ட்டுல வந்து சொல்லணும். பயமா இருந்தா இப்பவே சொல்லிடு, வேற ஆளைப் பாக்கறேன்."

கூட்டாளி குண்டனைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். "பேனா குடுங்க சார்" என்றான்.

இதைத்தான் இப்போது வீரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். வேறு ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் ராகு காலம் வந்துவிடும் என்ற பயம்தான் அது. அவன் போட்ட பிறகு நானும் போட்டேன். என் கையெழுத்தை எஸ்.ஐ. தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

தன்னால் எங்களுக்கு லேட்டாகிவிட்டதே என்று அவருக்கே மனசு கேட்கவில்லை. ஏட்டிடம், "ஜீப்ல கொண்டுபோய் எறக்கிட்டு வாங்க" என்றார்.

பெண்ணின் அப்பா திருவேற்காட்டில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறவர். கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டுவார். வாசலில் புனல் ஸ்பீக்கர்கள் கவிழ்ந்து கிடந்தன. எஸ்டேட்டில் கேசட் ரெய்டு என்ற செய்தி எங்களுக்கு முன்னால் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது எங்களுக்குத் தெரியாது. ஜீப் நின்றதும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. உள்ளே தடதடவென்று சத்தம். பின்கதவு திறந்து மூடியது.

நாங்கள் உள்ளே போனால் பெண்ணின் அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. கூட்டாளியின் அம்மா முகம் அதைவிட மோசம்.

"அய்யோ, இன்னாடா பண்ணித் தொலைச்சே?"

"ஒன்னும் பண்ணலம்மா, சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்" என்றான்.

யாரும் உட்காரச் சொல்வதற்குள் அவனே கட்டிலுக்குப் போனான். புதுப் போர்வை விரித்திருந்தது. உட்கார்ந்தான். படக் என்றது. தள்ளி உட்கார்ந்தான். படக், படக். பெண்ணின் அம்மா போர்வை நுனியை இழுத்துவிட்டார். ஜீப்பைப் பார்த்ததும் பெண்ணின் அப்பா தன் கேசட்டையெல்லாம் அந்தப் போர்வைக்கு அடியில்தான் கொட்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"கட்டில் நல்லாப் பேசுதும்மா" என்றேன்.

காபியோடு வந்த பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தட்டில் டம்ளரெல்லாம் தாளம் போட்டன. தண்ணீர் குடிக்க உள்ளே வந்த ஏட்டு, தட்டிலிருந்து ஒரு காபியையும் எடுத்துக்கொண்டார்.

"போலி கேசட் அடிக்கறவனைத்தான்மா புடிக்கறோம். கட்டிலையெல்லாம் புடிக்கறதில்ல" என்று சொல்லிக் குடித்துவிட்டு ஜீப் ஏறினார்.

ஆனால் பெண்ணின் அப்பா இல்லாமல் யார் பேசி முடிப்பது? ராகு காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டாளி எழுந்து தானே பின்பக்கம் போனான். நானும் போனேன். அங்கே மைக்செட் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி நின்றது. மேலே போட்டிருந்த தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கால் தெரிந்தது.

"மாமா, போலீஸ் போயாச்சு" என்றான் கூட்டாளி.

"நீ யாரு?" என்றது தார்ப்பாய்.

"மாப்ள."

"எந்த மாப்ள?"

"நீ வெளிய வந்தாத்தான் நைனா இவன் மாப்ள. இல்லாங்காட்டி சும்மா வந்தவன்" என்றேன் நான்.

அவர் மெதுவாக முகத்தை நீட்டினார். கூட்டாளி ஷெட்டில் நடந்ததைச் சொன்னான். மனுஷன் அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மெய்யாலுமே அந்தக் குண்டன் மாட்டிகினானா?"

"வெலங்கு போட்டு வச்சிருந்தாங்க மாமா. நான் பாத்தேன்."

"அவன் கேசட்டை வாங்க மாட்டேன்னதுக்கு என் ஆம்ப்ளிஃபயர ஒடச்சிட்டுப் போனானுங்க. அதுக்கு அப்பால பயந்துகினு வாங்கிகினு கீறேன். அவன் மேல நீ கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன் மாமா."

அவர் வண்டியிலிருந்து குதித்து அவனைக் கட்டிப்பிடித்தார். தார்ப்பாய்த் தூசி மொத்தமும் சந்தனச் சட்டைக்கு மாறியது.

உள்ளே வந்தால் பெண்ணின் அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "சாட்சி சொல்ற பையனுக்கு எப்டிங்க பொண்ணு குடுக்கறது? நாளைக்கு அந்த ரவுடிப் பசங்க ஊட்டாண்ட வந்து நின்னா?"

என் கூட்டாளியின் முகம் தொங்கிவிட்டது. கதவோரம் நின்ற பெண்தான் பேசினாள்.

"அப்பா பயந்துகினு வண்டிக்குள்ள பூந்துட்டாரு. இவரு கையெழுத்தும் போட்டுட்டு, வந்து கட்டில்லயும் குந்திகினாரு. எனக்கு இவரே போதும்மா."

முதலில் சிரித்தது அவள் அப்பாதான். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. அந்தச் சிரிப்போடேயே, ராகு காலம் பிறப்பதற்குள், வெற்றிலைத் தட்டை மாற்றிவிட்டார்கள். கூட்டாளியின் அம்மா என்னைக்கூட அன்று திட்டவில்லை.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் அவன் பல்லைக் காட்டிக்கொண்டே நடந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரொம்ப இளிக்காதே மாமே. கல்யாணத்தன்னிக்கே கோர்ட்டுல சாட்சிக்குக் கூப்ட்டா இன்னா பண்ணுவே?"

"அவளையும் கூட்டிகினு போறேன்."