இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாடு

சனிக்கிழமை, பிற்பகல்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ரயிலில் போகிறவர்கள் வலது பக்க ஜன்னலாகப் பார்த்து வாங்கிக்கொள்வது நல்லது. எனக்கு டிக்கெட் நாற்பத்தாறு வெள்ளி, அதாவது ரிங்கிட். இருநூறு கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. காம்பார் வரும்வரை தூங்கிக்கொண்டுதான் வந்தேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. ஈயம் தோண்டிய பழைய குட்டைகள் பச்சைத் தண்ணீரோடு தெரிந்தன. அடுத்து சுண்ணாம்பு மலைகள். சில பாதி வெட்டப்பட்டு வெள்ளையாக நின்றன, சில முழுதாக இருந்தன. நான் இந்தப் பக்கம் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மலைகளாவது அதே இடத்தில் இருக்கின்றனவே என்று இருந்தது.

நான் கிள்ளானில் ஒரு பலகைத் தொழிற்சாலையின் சாமான் அறையில் வேலை பார்க்கிறேன். அதிகம் பேசுகிறவன் இல்லை. எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, பக்கத்து வீட்டில் வளர்ந்த பரமேஸ்வரி ஒவ்வோர் ஆண்டும் கூப்பிடுவாள். கூட்டம் என்றால் எனக்குக் கூச்சம்; ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துவிடுவேன். இந்த முறை போனில், "அண்ணே, எனக்குத் துணைக்கு ஆள் வேணும்" என்றாள். மறுக்க முடியவில்லை. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர்தான். எங்கள் வீட்டில் தாளிக்கும்போது அவள் வீட்டில் தும்முவார்கள்.

ஈப்போ ஸ்டேஷன் வாசலில் பரமு தன் சின்னக் காரோடு நின்றிருந்தாள். ஊருக்குள்ளேயே குனோங் ராபாட்டில் அவள் வீடு. ஈப்போவில் குப்பை அள்ளும் ஒரு தனியார் கம்பெனியில் லாரிகளுக்குப் பொறுப்பாளர். கடைகள், மண்டபங்கள், கோயில்கள் எல்லாம் அவர்களுடைய வாடிக்கை.

"வாங்கண்ணே. வீட்டுக்குப் போலாமா, நேரா தோட்டத்துக்கா?"

"தோட்டத்துக்கே போலாம்" என்றேன்.

தஞ்சோங் ரம்புத்தான் பதின்மூன்று கிலோமீட்டர். அதையும் தாண்டிப் போக வேண்டும். வழியில் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். முன்பு மூன்று லாரிகள் ஒரே சாலையில் பாதி காலியாக ஓடும். இவள் பாதையை மாற்றி இரண்டாக்கினாள். நிறுத்தி அள்ளும்போது இன்ஜினை அணைக்கச் சொன்னாள். குப்பைத் தண்ணீர் சாலையெல்லாம் ஒழுகாமல் லாரிக்கு அடியில் தொட்டி வைக்கச் சொன்னாள். கடைசியாகச் சாப்பாட்டுக் குப்பைக்குத் தனி லாரி கேட்டாள். குப்பை மேட்டில் எல்லாவற்றோடும் சேர்ந்து அழுகினால் நாற்றமும் வாயுவும்தான் மிச்சம். தனியாகக் கொண்டுபோனால் எருவாகிவிடும் என்பது அவள் கணக்கு.

"தவுக்கே ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டேன். தவுக்கே என்பது கம்பெனியின் சீன முதலாளி.

"ரெண்டு வருஷம் நச்சரிச்சேன்லா. சரின்னாரு. ஆனா ரெண்டு தடவ கல்யாண மண்டபத்துலேர்ந்து ஏத்திட்டுப் போன லோட எருக் கொட்டாய்லேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ள பூரா பிளாஸ்டிக். நாளைக்கு நம்ம கோயில் அன்னதானத்து லோடும் திரும்பி வந்துச்சுன்னா தனி லாரி கிடையாது, பழையபடி எல்லாத்தையும் ஒன்னா அள்ளுன்னு சொல்லிட்டாரு."

ஏன் துணைக்குக் கூப்பிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

மாலை

ஆறாங்கட்டைத் தோட்டம் என்றால் இப்போது யாருக்கும் தெரியாது. ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. லயங்களை இடித்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. கோயில் மட்டும் புது வர்ணத்தோடு தனியாக நிற்கிறது. எங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் இருந்த சிமெண்டுத் திட்டை வைத்துக் கண்டுபிடித்தேன். விடிவதற்கு முன் அந்தக் குழாயடியில் வாளிகள் இடிபடும் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம்.

எருக் கொட்டகை, முன்பு ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்ட கொட்டகை இருந்த இடத்தில்தான் இருந்தது. தூண்கள் அதே தூண்கள், புகை ஏறிக் கறுத்தவை. உள்ளே நீளநீளமாகக் குவித்த எரு. கிட்டே போனால் சூடாக ஆவி வந்தது. நாற்றம் இருக்கும் என்று நினைத்தேன். மழை பெய்த மண்ணைப் போலத்தான் இருந்தது. அந்த நாளில் இங்கே புளித்த பால் வாடை அடிக்கும். அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த வாடை அது. அது பிடிக்கும் என்று சிறுவயதில் யாரிடமும் சொன்னதில்லை.

கொட்டகையை நடத்துகிற ஹமீது பாய் முன்பு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். பரமுவைப் பார்த்ததும் சிரித்தார்.

"நாளைக்கு என்னா கொண்டாரப் போற? கரண்டி குழம்பா, ஸ்ட்ரோ கூட்டா?"

"கேலி பண்ணாதீங்க பாய். நாளைக்குச் சுத்தமா வரும்."

"வந்தா கொட்டிக்க. வரலேன்னா கேட்டத் தொறக்க மாட்டேன். கோவிச்சுக்காதம்மா. எருவுல ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தாலும் காய்கறி போடுறவங்க என் மூஞ்சியில வீசிட்டுப் போறாங்க."

ஞாயிற்றுக்கிழமை, பகல்

திருவிழாவுக்கு எங்கிருந்தெல்லாமோ கார்கள் வந்திருந்தன. பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர் எண் பலகைகூட ஒன்று. தலை நரைத்த மனிதர்கள் ஒருவரையொருவர் வீட்டு வரிசையைச் சொல்லி அடையாளம் கண்டுகொண்டார்கள். "நீ அஞ்சாவது லயம் கடைசி வீடுதானே?" என்று ஒருவர் என் தோளைப் பிடித்தார். ஆமாம் என்றேன். அவர் யாரென்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசிவரை தெரியவில்லை.

கோயிலுக்குப் பின்னால் நீள மேசைகளில் வாழை இலை போட்டுப் பந்தி நடந்தது. சாப்பிட்டவர்கள் தங்கள் இலையைத் தாங்களே கொண்டுபோய்ப் போட வேண்டும். பரமு இரண்டு வகைத் தொட்டி வைத்திருந்தாள். பச்சைத் தொட்டி இலைக்கு, கறுப்புத் தொட்டி மற்றவற்றுக்கு. எழுதியும் ஒட்டியிருந்தாள். லாரியோடு வந்த டிரைவர் மணியம் என்னோடு ஒன்றாகப் படித்தவன். செம்பனை நிழலில் லாரியை நிறுத்திவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தான்.

முதல் பந்தி எழுந்தது. எல்லோரும் ஒழுங்காகப் பச்சைத் தொட்டியில் இலையைப் போட்டார்கள். பரமுவின் முகம் தெளிந்தது. பிறகு மேலே கிடந்த ஓர் இலையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே பாயசம் குடித்த பிளாஸ்டிக் குவளை, கரண்டி, டிஷ்யூ, தண்ணீர்ப் போத்தல் மூடி. அடுத்த இலையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மேசையில் எதையும் இறைத்துவிட்டு எழுந்திருப்பது நமக்கு மரியாதைக் குறைவு. எல்லாவற்றையும் இலைக்குள் வைத்து, அழகாக மடித்து, அடுத்தவருக்குச் சிரமம் இல்லாமல் செய்கிறோம். மண்டபத்து லோடுகள் திரும்பி வந்ததும் இதனால்தான்.

பரமு மைக்கில் போய்ச் சொன்னாள். "தயவுசெஞ்சு பிளாஸ்டிக்க இலைக்குள்ள வெக்காதீங்க. மறுசுழற்சிக்குப் போகுது." எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது பந்தியும் குவளையை வைத்து மடித்தது. கை தானாகச் செய்கிற வேலைக்கு மைக் போதாது.

"மச்சான், பாயி கேட்டுல பூட்டு மாட்டிட்டு இருப்பாரு இந்நேரம்" என்றான் மணியம். பரமு சிரிக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு இலைகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மணியமும் பல்குச்சியை எறிந்துவிட்டு வந்தான். இன்னும் மூன்று பந்தி இருந்தது. இந்த வேகத்தில் பிரித்து முடிக்க முடியாது.

சோறும் ரசமும் ஒட்டிய இலைகளை விரித்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்த நினைவு வந்தது. லயத்தில் திருவிழாச் சாப்பாடு முடிந்தால் இலையெல்லாம் மாட்டுக் கொட்டகைக்குப் போகும். ஒருமுறை ஐஸ் குச்சியை இலைக்குள் வைத்துச் சுருட்டிவிட்டேன். அம்மா என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, "மாட்டு வாயில குத்துனா நீயாடா போய் எடுப்ப?" என்றார். அந்த நாளில் மடிக்கிற இலைக்குள் யாரும் எதையும் வைக்க மாட்டார்கள். யாரும் மைக்கில் சொன்னதில்லை.

பரமுவிடம் மெதுவாகச் சொன்னேன். "இங்க மாடு யாராச்சும் வெச்சிருக்காங்களா?"

"எதுக்குண்ணே?"

சொன்னேன். அவள் மணியத்தைப் பார்த்தாள்.

"என் மாமா வெச்சிருக்காரு, செம்பனைக்குள்ள. தவுக்கேகிட்ட கேக்க வேணாமா? புது ஆள் சேக்குறோம்லா" என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்து போனான்.

கால் மணி நேரத்தில் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். சிவப்புப் பசு, நெற்றியில் வெள்ளை. பச்சைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கட்டினோம். கோயில்காரர் ஒருவர் வந்து அதன் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, காரணம் கேட்காமலே போய்விட்டார்.

மூன்றாவது பந்தி எழுந்து வந்தது. முன்னால் வந்த பெரியவர் மடித்த இலையோடு மாட்டைப் பார்த்து நின்றார். மாடும் அவரைப் பார்த்தது. அவர் இலையைப் பிரித்தார். குவளையை எடுத்துக் கறுப்புத் தொட்டியில் போட்டார். பின்னால் ஓர் அம்மாள் தன் கணவரை அதட்டினார்.

"மாடு நிக்கிறது தெரியல? அந்தக் கரண்டிய எடுங்க. வீட்டுலதான் கண்ணு தெரியலேன்னா இங்கயுமா?"

"எடுக்குறேன்லா, கத்தாத."

ஒருவர் செய்வதைப் பார்த்து அடுத்தவர் செய்தார். சிலர் டிஷ்யூவைக்கூட எடுத்தார்கள். அதற்குள் முதல் இரண்டு பந்தியின் இலைகளை நாங்கள் பிரித்து முடித்தோம். மாடு நாலைந்து இலை தின்றது. வயிறு நிறைந்ததும் படுத்து அசைபோட்டது. படுத்திருந்தபோதும் யாரும் அதை ஏமாற்றவில்லை.

மாலை

பரமு லாரியில் முன்னால் உட்கார்ந்தாள். நானும் இடித்துக்கொண்டு ஏறினேன். ஹமீது பாய் கேட்டைத் திறக்காமல் வெளியே வந்தார். லாரியில் ஏறி, முள்கரண்டியால் குவியலை அங்கங்கே கிளறினார். பரமு கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கிளறிக்கொண்டே இருந்தவர் குனிந்து எதையோ எடுத்தார். சின்ன ஐஸ்கிரீம் கரண்டி. நீல நிறம். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

பரமு கட்டிய கையைப் பிரித்துக்கொண்டு லாரியில் ஏறப் போனாள்.

அவர் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இத நான் பாக்கல" என்றார். "மணியம், பின்னால ரிவர்ஸ் எடு."

இலைகள் சரிந்து விழும்போது பரமு படம் எடுத்து, மாட்டுக் கதையையும் எழுதி, தவுக்கேக்கு அனுப்பினாள். சிறிது நேரத்தில் பதில் வந்தது. வாசித்துவிட்டு எங்களிடம் சொன்னாள். "அடுத்த வாரம் மண்டபத்துக்கும் தனி லாரி போகட்டுமாம். மாடு எவ்ளோன்னு கேக்குறாரு."

"அதுவும் சம்பளம் கேக்குதுன்னு சொல்லு" என்றான் மணியம்.

ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது பரமு ஒரு பொட்டலம் கொடுத்தாள். கோயில் சோறு, வாழை இலையில் கட்டி, மேலே காகிதம், கூட ஒரு பிளாஸ்டிக் கரண்டி. "எட்டு மணி ரயிலு, பசிக்கும்ணே. அடுத்த வருஷமும் வரணும்." வருகிறேன் என்றேன். இதுவரை பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவள் நம்பினாள்.

பத்து காஜா ஸ்டேஷனைத் தாண்டும்போது சாப்பிட்டேன். இருட்டில் மலைகள் தெரியவில்லை. முடித்ததும் பிளாஸ்டிக் கரண்டியை இலைக்குள் வைத்து மடித்துவிட்டேன், வழக்கம்போல. பிறகுதான் உறைத்தது. பிரித்துக் கரண்டியை வெளியே எடுத்தேன்.

கிள்ளானில் எங்கள் அடுக்கு மாடியில் குப்பையெல்லாம் ஒரே ஓட்டை வழியாகக் கீழே விழும். ரயில் பெட்டியிலும் கடைசியில் ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒருமாதிரி பார்த்தார். கோலாலம்பூர் வரும்வரை இடது கையில் இலையையும் வலது கையில் கரண்டியையும் பிடித்துக்கொண்டு வந்தேன்.